பனிக்காற்றில் ஒரு தட்டு

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்தில் ஜூலை மாதப் பகல் 28 டிகிரி செல்சியஸைத் தொடும். ஜனவரியில் அதே நகரத்தின் பகல் உச்சமே சராசரியாக மைனஸ் 5 டிகிரிதான். இரவில் மைனஸ் 13 வரை இறங்கும். இரண்டு பருவத்திலும் அங்குள்ள பூங்காக்களில் தட்டெறியும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஜூலையில் 100 மீட்டர் எறிகிற ஒருவர் ஜனவரியில் அதே தட்டை அதே முனைப்போடு எறிகிறார். அது 80 மீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. அதோடு, கடைசியில் வழக்கத்தைவிடக் கடுமையாக இடப்பக்கம் சரிகிறது. ஏன் என்று கேட்டால் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சொல்லும் பதில்: "குளிர்காற்று கனம். தட்டைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது."

அதில் உண்மை உண்டு. ஆனால் காணாமல்போன அந்த 20 மீட்டரில் காற்றின் கணக்கில் எழுதவேண்டியது பாதிகூட இல்லை என்பதே என் முடிவு. மீதியை எடுத்துக்கொள்வது மரத்துப்போன விரலும், விறைத்த முன்கையும், இறுகிய பிளாஸ்டிக்கும், காலடியில் உறைந்து கிடக்கும் தரையும்தான். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்கவேண்டுமானால், முதலில் அந்தத் தட்டு கையை விட்டு எப்படிப் புறப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃபில் பந்து, இங்கே தட்டு. அங்கே குழி, இங்கே சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் கூடைக்குள் சேர்ப்பவருக்கு வெற்றி. இதற்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஃபிரிஸ்பீ தட்டின் மேல்பரப்பில் வட்ட வட்டமாக வரிகளைச் சேர்த்து அதன் பறத்தலை நிலைப்படுத்தினார். அதற்கான காப்புரிமை 1967இல் கிடைத்தது. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார்.

அப்போது எறிந்தது தடித்த விளிம்புள்ள சாதாரணத் தட்டுகளைத்தான். 1983இல் டேவ் டுனிபேஸ் என்ற வடிவமைப்பாளர் விளிம்பைச் சரிவாகச் சீவி மெலிதாக்கிய தட்டைக் கொண்டுவந்தார். காற்றைக் கிழித்துப் போகும் விளிம்பு. ஆட்டத்தின் தூரக் கணக்கே அதற்குப் பிறகு மாறிப்போனது. இன்றைய விதிப்படி தட்டின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை எடை இருக்கலாம். நீண்ட தூரத்துக்கான 'டிரைவர்' தட்டின் விட்டம் சுமார் 21 சென்டிமீட்டர் என்பதால் அதன் எடை 175 கிராமை ஒட்டி நின்றுவிடும். கணக்குக்கு இந்தத் தட்டையே எடுத்துக்கொள்வோம்.

விரல் நுனியில் 24 கிலோ

வலக்கைக்காரர் ஒருவர் புறங்கை முன்னோக்க எறியும் 'பேக்ஹேண்ட்' எறிதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை எறி. அவர் வலத்தோளை இலக்கின் பக்கம் வைத்துப் பக்கவாட்டில் நடக்கிறார்: வலக்கால், அதன் பின்னால் குறுக்கே இடக்கால், மீண்டும் வலக்கால். மூன்றாவது அடி விழும் நேரத்தில் தட்டு இலக்குக்கு எதிர்ப்பக்கமாக முழுக்கை நீளத்துக்குப் பின்னே போயிருக்கும். முன்னே ஊன்றிய வலக்கால் உடலின் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்துகிறது. நின்றுபோன ஓட்டம் இடுப்புக்குத் திருகலாகப் போகிறது. இடுப்பு தளரும்போது மார்பு வேகமெடுக்கிறது, மார்பு தளரும்போது தோள், பிறகு முழங்கை. தட்டு மார்பை உரசினாற்போல் வருகிறது. முழங்கை இலக்கை நோக்கி முன்னே போய் நின்ற கணத்தில் முன்கை விசிறித் திறக்கிறது. கடைசியில் மணிக்கட்டு.

ஒவ்வொரு உறுப்பும் தன் வேகத்தை அடுத்ததிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். புதிதாக எறிபவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வீசுகிறார். தேர்ந்தவர் வரிசையாக நிறுத்துகிறார். பார்வைக்கு அவர் மெதுவாகச் செய்வதுபோல் இருக்கும்; தட்டு மட்டும் சீறிப் போகும்.

இந்த வேகம் முழுவதும் தட்டுக்குள் போகும் வாசல் மிகச் சிறியது. விளிம்பின் உட்புறத்தில் கொக்கிபோல் மடிந்த நான்கு விரல்கள், மேலே அழுத்தும் ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான் பிடி. கை தட்டின் விளிம்பைப் பிடித்திருக்கிறது, தட்டின் எடை மையமோ நடுவில் இருக்கிறது. அதனால் கடைசிக் கணத்தில் கை வேகம் குறையும்போது தட்டின் நடுப்பகுதி விரல்களைச் சுற்றி வெளிப்பக்கமாகத் தெறிக்கிறது. சுழற்சி பிறப்பது இங்கே. மணிக்கு 97 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 27 மீட்டர் வேகத்தில் தட்டை விடும் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் அதற்கு நொடிக்குச் சுமார் 18 சுற்றும் கொடுத்துவிடுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 175 கிராம் எடை, விளிம்பிலிருந்து நடுவுக்கு 10.5 சென்டிமீட்டர், நொடிக்கு 18 சுற்று. இந்தச் சுற்றில் தட்டு விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க எவ்வளவு விசை வேண்டும்? 230 நியூட்டனுக்கு மேல். ஏறத்தாழ 24 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் என்றாலும், அந்த 24 கிலோவையும் விரல் நுனியின் தோலும் பிளாஸ்டிக்கும் உரசும் சில சதுர சென்டிமீட்டர் இடம் தாங்கியாகவேண்டும். நன்றாக எறிபவர்கள் தட்டைத் தாங்கள் 'விடுவதில்லை' என்றும், அது கையிலிருந்து பிய்ந்து போகிறது என்றும் சொல்வார்கள். இயற்பியலும் அதையே சொல்கிறது.

பிடி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தி நழுவினால் என்ன ஆகும்? அந்த நேரத்துக்குள் தட்டு ஆறு பாகைக்கு மேல் திரும்பிவிடுகிறது. சுழற்சி தரும் வேகமும் கையின் வேகமும் சேர்ந்துதான் தட்டின் திசையைத் தீர்மானிக்கின்றன என்பதால், புறப்படும் திசை சுமார் 3 பாகை பிசகும். 100 மீட்டர் தொலைவில் அது 5 மீட்டர் விலகல். கூடையை ஒட்டி விழவேண்டிய தட்டு மரத்தில் மோத இது போதும். பிடி நழுவுவதால் சுழற்சியும் குறையும். கடைசிக் கணத்தின் இழுவைதான் அதைக் கொடுக்கிறது. ஆகவே குளிர் வேறு எதையும் தொடவேண்டாம், விரல் நுனியைத் தொட்டால் போதும்.

இடமும் வலமும்

கையை விட்டுப் போன தட்டு ஒரே நேரத்தில் சிறகாகவும் பம்பரமாகவும் வேலை செய்கிறது. சிறகு என்பதால் காற்று அதைத் தூக்குகிறது, கூடவே தடுக்கவும் செய்கிறது. தூக்கு விசை சரியாகத் தட்டின் மையத்தில் செயல்பட்டால் பிரச்சினை இல்லை. அப்படிச் செயல்படுவதில்லை. தட்டு வேகமாக, காற்றோடு படுத்தாற்போல் போகும்போது விசையின் மையம் சற்றுப் பின்னால் விழுகிறது. வால் தூக்கப்பட்டு, முன்விளிம்பான மூக்கு கீழே அழுந்தப் பார்க்கிறது. வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கியதும் காற்று அடியிலிருந்து மோதுகிறது; விசையின் மையம் முன்னால் நகர்ந்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது.

சுழலாத தட்டு என்றால் மூக்கு குத்தி விழும், அல்லது மல்லாந்து விழும். சுழலும் தட்டு பம்பரத்தின் விதிக்குக் கட்டுப்பட்டது. சுழலும் பம்பரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது. அதற்குச் செங்குத்தான திசையில் விலகும். தட்டிலும் மூக்கைக் கீழே அழுத்தும் விசை வலப்பக்கச் சாய்வாகவும், மூக்கை மேலே தூக்கும் விசை இடப்பக்கச் சாய்வாகவும் மாறிவிடுகிறது. வலக்கை பேக்ஹேண்ட் எறியில் தட்டு மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளின் திசையில் சுழல்வதால் இப்படி. இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

தட்டுகளின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் கடைசி இரண்டும் இதைத்தான் சொல்கின்றன: வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு திரும்பும், ஓயும்போது இடப்பக்கம் எவ்வளவு சரியும். நல்ல எறி ஒன்று முதலில் லேசாக வலம் திரும்பி, கடைசியில் இடம் சரிந்து, நீட்டி இழுத்த வளைகோடாகப் போய் விழும். இந்தத் திருப்பங்கள் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பது சுழற்சியைப் பொறுத்தது. சுழற்சி கூடினால் தட்டு பிடிவாதமாக நிற்கும், குறைந்தால் எளிதில் வசப்படும்.

காற்றின் பங்கு

கடல்மட்டத்தில் 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.16 கிலோ. மைனஸ் 10 டிகிரியில் 1.34 கிலோ. 15 சதவீதம் கூடுதல். (ஈரக்காற்று கனமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நீராவியின் மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட லேசானது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் புழுக்கமான காற்றுதான் லேசு.) தட்டின் மேல் காற்று செலுத்தும் விசை அடர்த்திக்கு நேர் விகிதம். தடையும் 15 சதவீதம் ஏறும், தூக்கு விசையும் அதே அளவு ஏறும். இந்த இரண்டாவது பாதியை ஆட்டக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். தடை தட்டை விரைவில் ஓயவைக்கிறது. ஆனால் அடர்ந்த காற்று, ஓய்ந்த தட்டையும் இன்னும் கொஞ்ச நேரம் ஏந்திக்கொள்கிறது.

தோராயமாக ஒரு கணக்கு. நம் தட்டுக்கு வெயில் காலத்துக் காற்றில் ஒவ்வொரு 107 மீட்டருக்கும் வேகம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 10இல் அதே இழப்பு 93 மீட்டரிலேயே வந்துவிடும். ஆனால் தட்டு காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் 7 சதவீதம் இறங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நொடிக்கு 27 மீட்டரில் புறப்பட்ட தட்டு இழப்பது ஆறேழு மீட்டர். இது எளிமைப்படுத்திய கணக்கு. தட்டுக்குத் தட்டு, எறிக்கு எறி மாறும். ஆனாலும் 20 மீட்டர் இழப்பை இதிலிருந்து வரவழைக்க முடியாது.

வேகம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அதே கணக்கில் பாருங்கள். காற்றை வெயில் காலத்திலேயே விட்டுவிட்டு, புறப்படும் வேகத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் இழப்பு 11 மீட்டர். குளிர் கையிடமிருந்து பத்தில் ஒரு பங்கைப் பறித்தாலே போதும், அது காற்றின் வேலையை மிஞ்சிவிடுகிறது.

இப்போது அந்த இடப்பக்கச் சரிவுக்கு வருவோம். குளிர்காற்று தட்டை இடப்பக்கம் சரியவைக்கிறது என்பது மைதானங்களில் வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் மலைமேல் ஆடுபவர்களின் அனுபவம் இதற்கு நேர் எதிர். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்தில் காற்று மெலிந்திருக்கும். அங்கே தட்டுகள் வலம் திரும்பத் தயங்கி, இடப்பக்கமே சாயப் பார்க்கும் என்பது ஆட்டக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. மெலிந்த காற்றில் மூக்கை அழுத்தும் விசை போதாது என்பதால் அப்படி. டென்வரிலிருந்து கடலோரத்துக்கு இறங்கி வருபவர் சந்திக்கும் அடர்த்தி மாற்றமும், 30 டிகிரியிலிருந்து மைனஸ் 10க்குப் போகிறவர் சந்திப்பதும் ஏறத்தாழ ஒரே அளவு. கடலோரத்து அடர்ந்த காற்றில் தட்டு கூடுதலாக வலம் திரும்புகிறது என்றால், குளிர்ந்த அடர்காற்றிலும் அப்படித்தானே திரும்பவேண்டும்?

ஆட்டக்காரர் கண்ணால் கண்டதும் பொய்யில்லை. குளிரில் தட்டு இடப்பக்கம் விழத்தான் செய்கிறது. அவர் சொல்லும் காரணம்தான் தவறு. காற்றின் விசை அடர்த்திக்கு நேர் விகிதம் என்றால், வேகத்துக்கோ இருமடி விகிதம். வேகம் 10 சதவீதம் குறைந்தால் விசை 81 சதவீதமாகச் சரிகிறது. அடர்த்தி தரும் 15 சதவீதத்தைச் சேர்த்தாலும் 93 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அடர்காற்று கொடுத்ததை மெலிந்த எறி விழுங்கிவிடுகிறது. மெதுவாகப் புறப்பட்ட தட்டு முதலிலேயே ஓயும் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சீக்கிரம் இறங்கத் தொடங்கி, சீக்கிரம் அடிக்காற்றை வாங்கி, இடப்பக்கம் சாய்கிறது. பிடி நழுவியதால் சுழற்சியும் குறைந்திருக்கிறது. சாய்வு இன்னும் வேகமாக நடக்கிறது.

இதோடு மூக்குக் கோணம். எறியும்போது தட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி இருந்துவிட்டால் தடை கூடி, இடப்பக்கச் சரிவு முன்னதாகவே வந்துவிடும். மூக்கைத் தாழ்த்தி வைப்பது மணிக்கட்டின் சாய்வும் மேலே அழுத்தும் கட்டைவிரலும்தான். கட்டைவிரல் மரத்துப்போனால் மூக்கு தானாக ஏறிக்கொள்கிறது. ஒரு தட்டை வெறும் கையில் பிடித்து, கட்டைவிரல் அழுத்தத்தைத் தளர்த்தியும் இறுக்கியும் முன்விளிம்பைக் கவனித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

குளிர் தொடும் இடங்கள்

விரல்களுக்குச் சொந்தமாகத் தசை கிடையாது என்றே சொல்லலாம். விரலை மடக்கி இறுக்கும் வலுவான தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டின் வழியாக விரல் நுனிவரை ஓடுகின்றன. குளிர் ஏறியதும் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காப்பாற்றக் கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நெஞ்சுக்குள் 37 டிகிரி இருக்கும்போதே முன்கைத் தசை பல டிகிரி குளிர்ந்துவிடும். தசை குளிர்ந்தால் சுருங்கும் வேகம் குறைகிறது, நரம்பின் செய்தியும் தாமதமாகப் போகிறது. 1979இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உல்ஃப் பெர்க், பியோன் எக்ப்ளோம் இருவரும் தசை வெப்பநிலையை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். தசை ஒரு டிகிரி குளிர்ந்தால் குதிப்பதிலும் விரைந்தோடுவதிலும் 4 முதல் 6 சதவீதம் வரை திறன் குறைந்தது. அவர்கள் அளந்தது கால்களின் வேலையை. எறிதலுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் அதே வகைத் திடீர் வேலை; இரண்டு டிகிரி குளிர்ந்த கை பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழப்பது எனக்கு வியப்பாக இல்லை.

தோலின் கதை வேறு. விரல் தோல் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்குகின்றன. 8 டிகிரியை ஒட்டித் தொடு உணர்வு வேகமாக மங்கிவிடுகிறது. விளிம்பு விரலில் சரியாக உட்கார்ந்ததா என்பதே தெரியாமல் எறிய நேர்கிறது. போதாக்குறைக்குத் தோல் உலர்ந்து கிடக்கிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ள முடியும். மைனஸ் 10இல் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான். லேசான ஈரம் இருந்தால் தோல் பிளாஸ்டிக்கை நன்றாகப் பற்றும். வறண்ட தோல் வழுக்கும். மேலே பார்த்த 24 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த விரல்கள் சில நேரம் திடீரென்று சிவந்து சூடாகும். பிரிட்டனின் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் இதை விவரித்தார். சுருங்கிக் கிடந்த குழாய்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திறந்து மூடுகின்றன, விரல் நுனிகள் செத்துப்போகாமலிருக்க. ஆட்டத்தின் நடுவில் 'கை பழகிவிட்டது' என்று தோன்றுவது இந்தத் திறப்பின்போதுதான். அதை நம்பி அடுத்த எறிக்கும் கையை வெளியே தொங்கவிடக்கூடாது. அதற்குள் குழாய் மூடியிருக்கும்.

பிளாஸ்டிக்கும் குளிரில் வேறு பொருளாகிறது. பாலிமரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெப்பத்தில் நெளிந்து கொடுக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அந்த நெளிவு நின்று கண்ணாடித் தன்மை வந்துவிடும். பாலிப்ரொப்பிலீனுக்கு அந்த எல்லை உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. இந்த வகைப் பிளாஸ்டிக் கலந்த தட்டு ஒன்று மைனஸ் 15இல் மரத்தில் மோதினால் விளிம்பு விரிசல் விடக்கூடும். விலை கூடிய தட்டுகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் வகை. அதன் எல்லை மிகத் தாழ்ந்தது என்பதால் எளிதில் உடைவதில்லை. ஆனால் விறைத்துக்கொள்கிறது, கோடையில் விரலுக்கு இணங்கிய விளிம்பு குளிரில் இணங்காது. தொடும் பரப்பு குறைகிறது, வழுக்கல் கூடுகிறது. அனுபவசாலிகள் பனிக்காலத்துக்கென்று மென்மையான பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கடைசியாகக் கால். உறைந்த எறிமேடையில் ஓடிவந்து வலக்காலை ஊன்றினால் அது நிற்காமல் வழுக்கும். ஊன்றிய கால் நிற்காவிட்டால் இடுப்புக்குத் திருகல் இல்லை. மேலே சொன்ன தொடர் முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது. மென்பனியில் சிக்கல் வேறு: கால் புதைந்து நிற்கும், உடல் திரும்பும், நடுவில் முழங்கால் முறுகும். ஆகவே நின்ற இடத்திலிருந்தே எறிகிறார்கள். நின்றெறிவதால் தூரம் கொஞ்சம் குறையும்; தேர்ந்தவருக்கு அந்த இழப்பு நாம் எண்ணுவதைவிடச் சிறியது, ஏனென்றால் வேகத்தின் பெரும்பகுதி ஓட்டத்திலிருந்து வருவதில்லை, இடுப்பிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது. தடித்த மேலங்கி இன்னொரு தடை. மார்பை உரசி வரவேண்டிய தட்டு துணி மடிப்பில் இடறும்.

தட்டு விழுந்த பிறகும் குளிர் விடுவதில்லை. புதுப்பனியில் விளிம்பு முன்னால் குத்தி நுழையும் தட்டு, மேலே ஒரு கீறலை மட்டும் விட்டுவிட்டு உள்ளேயே பல அடி ஓடிவிடும். கீறலின் இந்த முனையில் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. அது போன திசையைப் பார்த்துத் தோண்டவேண்டும். இதற்காகத் தட்டின் அடியில் ஒரு முழத்துக்கும் மேல் நீளமுள்ள வண்ண ரிப்பனை ஒட்டிவிடுகிறார்கள். தட்டு மறைந்தாலும் ரிப்பனின் வால் வெளியே கிடக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஏன் ஆடுகிறார்கள்? 1987இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரத்தில் 'ஐஸ் பௌல்' என்ற பெயரில் ஒரு பனிக்காலப் போட்டி தொடங்கியது. பின்னர் அமெரிக்கா முழுவதும் ஊர் ஊராகப் பரவி, பசித்தவர்களுக்கு உணவு வழங்கும் அமைப்புகளுக்கு நிதி திரட்டும் வழக்கமாக ஆகிவிட்டது. ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது; வானிலையைக் காரணம் காட்டி ஒத்திவைப்பதில்லை. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மதிப்புக் கூடியதற்கு அதன் இயற்பியல் பாதிக் காரணம், இந்தப் போட்டி மீதிக் காரணம்.

குளிர்நாட்டில் இருந்துகொண்டு இதை ஆடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். எடை குறைந்த தட்டுக்கோ வேறு எண் போட்ட தட்டுக்கோ பணம் செலவழிக்கும் முன் கையைக் கவனியுங்கள். இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு தரும் சிறு பொட்டலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை இடுப்பில் கட்டிய பஞ்சுப்பைக்குள் போட்டு, எறியும் கையை எறிக்கு எறி அதற்குள்ளேயே வைத்திருங்கள். விரலை இழுக்கும் தசை முன்கையில் இருப்பதால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கம்பளி உறை போடுங்கள். அடுத்து எறியப்போகும் தட்டையும் மேலங்கிக்குள் வைத்துச் சூடாக்கலாம். விளிம்பில் ஒட்டிய பனியை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள். வழுக்கும் மேடையில் ஓடாதீர்கள், நின்றே எறியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் சூடேறும்வரை முதல் சில எறிகளைப் பாதி வலுவோடு மட்டும் எறியுங்கள். குளிர்ந்த முழங்கையையும் தோளையும் முழு வேகத்தில் வீசினால் தசைநாண் காயப்படும். அது ஆற மாதக்கணக்கில் ஆகும்.